கட்டப்படாத நிலவுக் கப்பல்: 1939-ஆம் ஆண்டு வடிவத்தின் அளவு மாதிரியைச் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

பறந்து திரும்பிய விண்கலத்தின் மாதிரியைச் செய்பவருக்கு ஒளிப்படங்களும் அருங்காட்சியகங்களும் துணை நிற்கின்றன. ஒரு மூடியின் வளைவிலோ ஒரு காலின் நீளத்திலோ ஐயம் எழுந்தால் மூலத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஒருபோதும் கட்டப்படாத கலத்துக்கு மூலம் என்று ஒன்று இல்லை. சில வரைபடங்களும், அவற்றை வரைந்தவர்கள் போட்ட கணக்கும் மட்டுமே நம் கையில் உள்ளன. ஆகவே, ஒவ்வொரு பாகமும் ஏன் அந்த வடிவில் வரையப்பட்டது என்ற காரணத்தை முதலில் பிடித்துக்கொண்டு, அதன்பிறகே அட்டையையும் கத்தியையும் எடுக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. காரணம் தெரிந்தால், வரைபடம் மௌனமாக இருக்கும் இடங்களிலும் கை தவறாமல் நகரும்.

எந்தக் கலத்தைத் தேர்ந்தெடுப்பது?

அப்பல்லோவுக்கு முந்தைய நிலவுக் கல வடிவங்கள் பல உள்ளன. 1952 அக்டோபரில் ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரௌன் அமெரிக்காவின் காலியர்ஸ் இதழில் விவரித்த கலம் அவற்றுள் புகழ்பெற்றது. பூமியைச் சுற்றும் நிலையத்தின் அருகே விண்வெளியிலேயே பொருத்தப்பட வேண்டிய அந்தக் கலத்தின் உயரம் 160 அடி. ஒவ்வொன்றிலும் 30 எஞ்சின்களுடன் 3 கலங்கள் 50 பேரைச் சுமந்து செல்லும் என்பது திட்டம். காற்றில்லாத இடத்தில் மட்டுமே பறக்கும் கலமாதலால் அதற்குக் கூர்மூக்கும் இல்லை, போர்வையும் இல்லை. உருண்டைத் தொட்டிகளும் சட்டங்களும் வெளியே தெரிந்தபடி நிற்கும். பார்க்க மிக அழகானது என்றாலும், நூற்றுக்கணக்கான மெல்லிய சட்டங்களை நேர்க்கோட்டில் ஒட்ட வேண்டியிருப்பதால் முதல் முயற்சிக்கு ஏற்றதன்று. 1955-இல் டிஸ்னிலேண்டில் 76 அடி உயரத்தில் நிறுத்தப்பட்ட மூன்லைனர் இதற்கு நேர் எதிரானது. வழவழப்பான சுருட்டு வடிவம், சில கால்கள், அவ்வளவே. ஸ்ட்ராம்பெக்கர் நிறுவனம் அதைப் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்பாகவே விற்றது. அது அழகிய பொருள்தான். ஆனால் வடிவத்துக்குப் பின்னால் தேடிக் கண்டுபிடிக்கப் பெரிதாக எதுவும் இல்லை.

நான் பரிந்துரைப்பது பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி என்ற விண்பயண ஆர்வலர் சங்கத்தின் 1939-ஆம் ஆண்டு நிலவுக் கப்பலை. அதன் உடல் முழுவதும் ஒரே அளவுக் குழல்களை அறுகோணமாக அடுக்கிய கட்டு. காகித உறிஞ்சுகுழல்களையும் அட்டையையும் கொண்டே அதைச் செய்துவிடலாம். அதைவிட முக்கியமாக, மனிதரை நிலவில் இறக்கித் திரும்ப அழைத்து வருவதற்காகப் பொறியியல் கணக்குடன் ஒரு குழு உட்கார்ந்து வரைந்த மிக முந்தைய வடிவங்களில் அது ஒன்று.

கப்பலின் பின்னணி

அந்தச் சங்கத்தை 1933-இல் லிவர்பூலில் பிலிப் கிளீட்டர் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதன் மையம் லண்டனுக்கு மாறியது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆர்வலர்கள் திறந்த வெளியில் ராக்கெட்டுகளைச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1875-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் பிரிட்டனில் அத்தகைய சோதனைகளைத் தடுத்தது. சங்கத்திடம் பணமும் இல்லை. எனவே அதன் தொழில்நுட்பக் குழு, கையில் இருந்த ஒரே கருவியான கணக்கை எடுத்துக்கொண்டது. ஹேப்பியன் எட்வர்ட்ஸ், ஹாரி ராஸ், ஓவியரும் பொறியாளருமான ரால்ஃப் ஸ்மித், வேதியியலாளர் ஆர்தர் ஜான்சர், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆர்தர் கிளார்க் முதலியோர் அதில் இருந்தனர். (பிற்காலத்தில் 1956 முதல் 2008-இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த அதே கிளார்க்தான்.) 1937-க்கும் 1939-க்கும் இடையில் அவர்கள் உருவாக்கிய கப்பலை, சங்கத்தின் இதழில் 1939 ஜனவரியில் ராஸ் விவரித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர் மூண்டது. சங்கத்தின் பணிகள் நின்றுபோயின.

கப்பலின் அடிப்படை எண்கள் இவை. உயரம் 105 அடி, அதாவது 32 மீட்டர். அகலம் 20 அடி, அதாவது 6.1 மீட்டர். எடை ஏறக்குறைய 1,000 டன். பயணிகள் 3 பேர். நிலவில் தங்குவது 14 நாட்கள். உந்துவதற்கு 2,490 திட எரிபொருள் குழல்கள், 6 படிகளில் (ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் ராக்கெட் அடுக்குகளில்). கீழிருந்து முதல் 5 படிகள் ஒவ்வொன்றிலும் 168 பெரிய குழல்கள். ஆறாவது படியில் 450 நடுத்தரக் குழல்களும் 1,200 சிறு குழல்களும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

ஏன் இத்தனை குழல்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மாதிரியைத் தொடங்கக் கூடாது. பூமியின் பிடியிலிருந்து விடுபட வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் தேவை. நிலவில் மெல்ல இறங்க ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர் வேகத்தை அழிக்க வேண்டும். அங்கிருந்து கிளம்ப அதே அளவை மீண்டும் பெற வேண்டும். பூமிக்குத் திரும்பும்போது காற்றே வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 16 கிலோமீட்டர். எரிபொருளின் வெளியேற்ற வேகம் (எரிந்த வாயு பின்னோக்கிப் பாயும் வேகம்) வினாடிக்கு 2.5 கிலோமீட்டர் என்று கொண்டால், ராக்கெட்டின் வேகத்தையும் எடை குறைவதையும் இணைக்கும் ட்சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாட்டின்படி புறப்படும் எடை, திரும்பி வரும் எடையைப் போல் சுமார் 600 மடங்கு இருக்க வேண்டும். 1,000 டன்னில் தொடங்கினால் மிஞ்சுவது ஒன்றே முக்கால் டன்னுக்கும் குறைவு. அதற்குள் மூன்று பேர், அறை, காற்று, உணவு அனைத்தும் அடங்க வேண்டும்.

இந்த நெருக்கடிதான் கப்பலின் வடிவத்தைத் தீர்மானித்தது. வெற்றுத் தொட்டி ஒன்றைக்கூட வீணாகச் சுமந்து செல்ல முடியாது. ஆகவே அவர்கள் எரிபொருளை ஒரே பெரிய கலனில் வைக்காமல் நூற்றுக்கணக்கான தனித்தனிக் குழல்களாகப் பிரித்தனர். எரிந்து தீர்ந்த குழல் தன் இடத்திலிருந்து கழன்று விழுந்துவிடும். திட எரிபொருளைப் பற்றவைத்த பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது என்ற சிக்கலுக்கும் இதிலேயே தீர்வு இருந்தது: எத்தனை குழல்களைப் பற்றவைக்கிறோம் என்பதைக் கொண்டே உந்துவிசையை மாற்றலாம். நிலவில் இறங்கும் நுண்ணிய வேலைக்கு மேலே உள்ள ஆறாவது படியில் சிறு குழல்கள் ஏன் தேவைப்பட்டன என்பதும் இங்கே தெளிவாகிறது.

இந்தக் கணக்கு நடைமுறையில் வென்றிருக்காது என்பதே என் கருத்து. 1969-இல் அப்பல்லோ 11-ஐ ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ஏறக்குறைய 2,900 டன் எடை கொண்டது. மேற்கட்டங்களில் திரவ ஹைட்ரஜனை எரித்தது. அப்படியும் நிலவில் இறக்கியது தனியான சிறு கலத்தை மட்டுமே. தாய்க்கலத்தை நிலவின் சுற்றுப்பாதையிலேயே விட்டுச் செல்லும் அந்த யுக்தியை சோவியத் விண்பயணச் சிந்தனையாளர் யூரி கொண்ட்ராட்யுக் முன்பே எழுதியிருந்தார். ராஸும் 1948-இல் அதே திசைக்கு வந்து சேர்ந்தார். ஆனால் 1939-இன் கப்பல் தவறான கனவு அன்று. எடையை எங்கே இழக்கலாம் என்ற சரியான கேள்வியை அது ஒவ்வொரு குழலிலும் கேட்டது. மாதிரி அந்தக் கேள்வியைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். அதனால்தான் வழவழப்பான உறை போர்த்திய மாதிரியாக அல்லாமல், குழல்கள் வெளியே தெரியும் வெட்டுத்தோற்ற மாதிரியாகச் செய்யச் சொல்கிறேன்.

முதல் படி: வரைபடத்தை அளத்தல்

ஸ்மித்தின் பக்கவாட்டு வரைபடத்தின் தெளிவான நகல் ஒன்றைப் பெறுங்கள். முன்பக்கத்தைச் சாய்வாகக் காட்டும் ஓவியங்கள் அழகுக்கு உதவும், அளவுக்கு உதவா. நகலை ஏ4 தாளில் அச்சிட்டு, கப்பலின் மொத்த உயரத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு படியின் உயரம், அறையின் உயரம், மேல்மூடியின் உயரம் ஆகியவற்றை அளந்து, மொத்த உயரத்தில் அவை எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள். விழுக்காடாக எழுதிவிட்டால், பிறகு எந்த அளவிகிதத்தைத் தேர்ந்தாலும் மீண்டும் அளக்க வேண்டியதில்லை. நகலெடுக்கும் எந்திரங்கள் சில நேரம் நீளத்தையும் அகலத்தையும் வெவ்வேறாக நீட்டிவிடும். உயரத்தை அகலத்தால் வகுத்தால் 5.25-க்கு அருகில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 105-ஐ 20-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அதுதான்.

இரண்டாம் படி: குழலே அளவிகிதத்தைச் சொல்லட்டும்

பொதுவாக மாதிரி செய்பவர்கள் 1:72 அல்லது 1:48 என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பொருளைத் தேடுவார்கள். இந்தக் கப்பலுக்கு அதைத் தலைகீழாகச் செய்வது நல்லது. காரணம் ஓர் எண்ணில் இருக்கிறது. ஒரே அளவு வட்டங்களை அறுகோணமாக அடுக்கினால் 1, 7, 19, 37, 61, 91, 127, 169 என்று எண்ணிக்கை வளரும். 169-இல் நடுவில் உள்ள ஒன்றை நீக்கினால் 168. கப்பலின் ஒரு படியில் உள்ள குழல்களின் எண்ணிக்கையும் அதுவே. இந்த ஒற்றுமையை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதன்பிறகு அந்தக் கப்பல் எனக்கு ஓவியமாகத் தோன்றவில்லை, பொருளாகத் தோன்றியது.

இத்தகைய அறுகோணத்தில் ஒரு முனையிலிருந்து எதிர் முனைவரை 15 குழல்கள் வரும். 6.1 மீட்டரை 15-ஆல் வகுத்தால் ஒரு குழலின் அகலம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். நம் கடைகளில் இப்போது கிடைக்கும் காகித உறிஞ்சுகுழல் பெரும்பாலும் 6 மி.மீ. அகலம் கொண்டது. 15 குழல்கள் 90 மி.மீ. ஆகும். 6,100-ஐ 90-ஆல் வகுத்தால் 68. ஆக, மாதிரியின் அளவிகிதம் 1:68. உயரம் 47 சென்டிமீட்டர். அலமாரித் தட்டில் நிற்கக்கூடிய அளவு.

வாங்கிய குழல்கள் உறையில் எழுதியுள்ளபடியே 6 மி.மீ. இருக்கும் என்று நம்ப வேண்டாம். 15 குழல்களை ஸ்கேலின் ஓரமாக நெருக்கி வைத்து மொத்த அகலத்தை அளங்கள். 92 மி.மீ. என்று வந்தால் அளவிகிதம் 1:66 ஆகிவிடும். உயரமும் அதற்கேற்ப 48 சென்டிமீட்டருக்கு மேல் போகும். மற்ற எல்லா அளவுகளையும் இந்த எண்ணிலிருந்தே கணக்கிடுங்கள். 1:68-இல் ஒரு மனிதர் 25 மி.மீ. உயரம் இருப்பார். பொம்மைக் கடைகளில் கிடைக்கும் 1:72 அளவு மனித உருவங்கள் இதற்கு மிக நெருக்கமானவை. ஓர் உருவத்தை இப்போதே வாங்கி மேசையில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் முடித்ததும் அதன் அருகில் அந்த உருவத்தை வைத்துப் பார்த்தால், கணக்கில் விட்ட பிழை உடனே கண்ணில் படும்.

மூன்றாம் படி: குழல்களை வெட்டுதல்

5 படிகளுக்கும் முழு நீளக் குழல்களாக வைத்தால் 840 துண்டுகள் தேவை. அவற்றுள் பெரும்பாலானவை உள்ளே மறைந்துவிடும். வெளியே தெரிவது ஒவ்வொரு படியிலும் சுற்றுவரிசையில் உள்ள 42 குழல்களும் (169-இல் 127-ஐக் கழித்தால் 42), அடிப்புறத்தில் எல்லாக் குழல்களின் வாய்களும் மட்டுமே. ஆகவே சுற்றுவரிசைக்கு முழு நீளத் துண்டுகளையும், உட்புறத்துக்கு 10 மி.மீ. நீளக் குட்டைத் துண்டுகளையும் பயன்படுத்தலாம். எடுத்துக்காட்டாக, உங்கள் அளவின்படி ஒரு படியின் உயரம் 45 மி.மீ. என்று வந்தால், 197 மி.மீ. நீளமுள்ள குழலிலிருந்து 4 முழுத் துண்டுகள் கிடைக்கும். 210 முழுத் துண்டுகளுக்கு 53 குழல்களும், 630 குட்டைத் துண்டுகளுக்கு 34 குழல்களும் போதும். எல்லாவற்றையும் முழு நீளமாக வெட்டியிருந்தால் 210 குழல்கள் தேவைப்பட்டிருக்கும்.

கத்தரிக்கோலால் வெட்டினால் வாய் நசுங்கிவிடும். குழலுக்குள் இறுக்கமாக நுழையும் மரக்குச்சி ஒன்றைச் செருகி, கூர்மையான பேப்பர் கட்டரை மேலே வைத்து, குழலை முன்னும் பின்னுமாக உருட்டி வெட்டுங்கள். அளவு மாறாமல் இருக்க, ஒரு பலகையில் சிறு மரத்துண்டை ஒட்டி அதில் குழலின் நுனியை முட்டவைத்து வெட்டலாம். 20 துண்டுகளுக்கு ஒருமுறை கத்தியின் நுனியை உடைத்துப் புது முனையை எடுங்கள். மழுங்கிய கத்தி காகிதத்தைக் கிழிக்கும். கிழிந்த வாய் வண்ணத்தில் மறையாது.

நான்காம் படி: அறுகோணத்தை அடுக்குதல்

மாதிரியின் வெற்றி தோல்வி இங்கேதான். கையால் பிடித்தபடி 168 குழல்களை ஒட்ட முடியாது; ஓர் அச்சுப்பெட்டி வேண்டும். 5 மி.மீ. தடிப்புள்ள சன்போர்டு என்னும் நுரைப்பலகையில் மூன்று சுவர்களை வெட்டி, ஒன்றுக்கொன்று 120 பாகைக் கோணத்தில், தட்டையான அடிப்பலகைமீது நிறுத்துங்கள். ஒவ்வொரு சுவரின் உட்பக்க நீளமும் 45.5 மி.மீ. இருக்க வேண்டும். (குழல்களின் மையங்களை இணைக்கும் அறுகோணத்தின் பக்கம் 42 மி.மீ.; அதைச் சுற்றி 3 மி.மீ. ஆரத்துக்கு விரிந்தால் 45.5 வரும்.) குழல்களை அடுக்கியபின் கட்டின் நேரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரம் 79 மி.மீ. வந்தால் அச்சு சரி. சுவர்களின் உட்புறத்தில் மெழுகுத்தாளை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பசையோடு கப்பலும் அச்சிலேயே தங்கிவிடும்.

வரிசைகள் 8, 9, 10, 11, 12, 13, 14, 15, 14, 13, 12, 11, 10, 9, 8 என்று அமையும். இதை ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு முடிக்கும் ஒவ்வொரு வரிசையையும் கோடிட்டு அடித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வரிசையின் இரு முனைகளிலும், முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் முழு நீளத் துண்டுகள். இடையில் குட்டைத் துண்டுகள். குட்டைத் துண்டுகளின் அடிவாய் அடிப்பலகையைத் தொட்டு நிற்க வேண்டும். நடு வரிசையின் எட்டாவது இடத்தை, அதாவது 169-ஆவது குழல் இருக்க வேண்டிய இடத்தை, காலியாக விடுங்கள். 5 படிகளையும் பிறகு ஒரே மரக்குச்சியில் கோக்க அந்தத் துளைதான் உதவும். படிகளை நிரந்தரமாக ஒட்டாமல் இப்படிக் கோத்து வைத்தால், பார்க்க வருபவருக்கு ஒவ்வொரு படியாகக் கழற்றிக் காட்டலாம். கப்பல் எப்படித் தன் எடையை இழந்துகொண்டே போனது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் சொல்லாது.

பசை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. என் முதல் முயற்சியில் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து தாராளமாகத் தடவினேன். இரண்டு மணி நேரத்தில் காகிதக் குழல்கள் ஊறி, அழகான அறுகோணம் தொய்ந்து வட்டமாகிவிட்டது. 168 குழல்களையும் தூக்கி எறிய நேர்ந்தது. கெட்டியான பசையை ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து, குழல்கள் ஒன்றையொன்று தொடும் கோட்டில் மட்டும் மெல்லிய இழையாகத் தடவுங்கள். மூன்று வரிசைகளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் காயவிடுங்கள். ஒரு படிக்கு ஒரு மாலைப் பொழுது என்று ஒதுக்கினால் அவசரம் வராது. கடைசியில் மேற்புறத்தை அறுகோண அட்டையால் மூடி, நடுவில் துளையிடுங்கள்.

ஐந்தாம் படி: கப்பலின் ஆறாவது படி

450 நடுத்தரக் குழல்களும் 1,200 சிறு குழல்களும் எவ்வளவு பருமன் இருக்க வேண்டும்? அதே குறுக்குப் பரப்பை ஒவ்வொரு வகையும் ஓர் அடுக்காக நிரப்பும் என்று கொண்டால், நம் அளவிகிதத்தில் நடுத்தரக் குழல் 3.7 மி.மீ., சிறு குழல் 2.2 மி.மீ. என்று வரும். சாறுப் பொட்டலங்களோடு வரும் மெல்லிய உறிஞ்சுகுழல் முதல் அளவுக்கும், பல்குத்தும் குச்சி இரண்டாம் அளவுக்கும் ஏறக்குறையப் பொருந்துகின்றன. அவை அடுக்கப்பட்ட முறையை வரைபடத்தில் பார்த்து அப்படியே பின்பற்றுங்கள். இங்கே அத்தனை குழல்களையும் வைப்பது வீண் உழைப்பு. சன்போர்டில் அறுகோண உட்கரு ஒன்றைச் செய்து, அதன் ஆறு பக்கங்களிலும் வெளி வரிசையை மட்டும் ஒட்டுங்கள். அடிப்புறத்தில் மட்டும் ஒரு வட்ட அட்டையில் குச்சிகளின் முனைகளை நெருக்கி ஒட்டினால் போதும்.

ஆறாம் படி: மூவர் அறை

குழல்களுக்கு மேலே, மூடிக்குக் கீழே உள்ளது பயணிகள் அறை. இதில் மூன்று சாய்விருக்கைகள் வேண்டும். ஒவ்வொன்றும் 26 மி.மீ. நீளம். ஐவரி அட்டையை லேசாக வளைத்து ஒட்டினால் இருக்கை ஆகிவிடும். ஆனால் இந்த அறையைச் செய்யும்போது ஒரு விந்தையை மறக்கக் கூடாது: பறக்கும்போது இதன் தரை அடிப்புறம் அன்று, பக்கச் சுவர்.

கப்பல் நிலைபெயராமல் பறக்கவும், பயணிகளுக்கு எடையுணர்வு கிடைக்கவும் அதைத் தன் அச்சில் சுழற்றுவது திட்டம். மூன்றரை வினாடிக்கு ஒரு சுற்று. 3.05 மீட்டர் ஆரத்தில் இந்தச் சுழற்சி தரும் முடுக்கத்தைக் கணக்கிட்டால் 9.8 வரும், பூமியின் ஈர்ப்பே அதுதான். அந்த எண்ணைக் குருட்டாம்போக்கில் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. எனவே அறையின் உட்சுவரைச் சுற்றி நடப்பதற்கான பாதையை மெல்லிய அட்டைப் பட்டையாக ஒட்டுங்கள். ஓர் உருவத்தைச் சுவரில் நிற்பதுபோல், தலை அச்சை நோக்கி இருக்கும்படி ஒட்டுங்கள். இன்றைய அறிவோடு பார்த்தால் அந்தப் பயணி பாவம்: காலடியில் முழு எடை இருக்க, தலைமட்டத்தில் அதில் பாதிகூட இருக்காது; இவ்வளவு சிறிய ஆரத்தில் தலையைத் திருப்பினாலே மயக்கம் வரும். 1939-இல் இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கவில்லை.

சுழலும் கப்பலிலிருந்து விண்மீன்களை எப்படிப் பார்ப்பது? அதற்காக அவர்கள் கண்ணாடிகளைக் கொண்ட சீலோஸ்டாட் என்ற கருவியை வடிவமைத்து, நிஜமாகவே செய்தும் காட்டினர். சுழலும் தட்டு ஒன்றின் உருவம் அதன் வழியாகப் பார்க்கும்போது நின்றதுபோல் தெரிந்தது. ராக்கெட்டைத் தொடவே அனுமதி இல்லாத ஒரு சங்கம், ஆயிரம் டன் கப்பலில் தம்மால் முடிந்த ஒரு சிறு பாகத்தையாவது உலோகத்திலும் கண்ணாடியிலும் செய்து முடித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது மரியாதை கூடுகிறது. அறையின் மேற்புறத்தில் 3 மி.மீ. அளவுக் கண்ணாடித் துண்டு ஒன்றை, சேலையில் தைக்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்தாலும் சரி, அதன் நினைவாக வைக்கலாம்.

அறையின் வெளிச்சுவரில், பக்கவாட்டாக வாய் திறந்த சிறு குழல்கள் சுழற்சியைத் தொடங்கவும் நிறுத்தவும் தேவை. ஊதுபத்திக் குச்சியின் துண்டுகளைச் சுவருக்குத் தொடுகோடாக ஒட்டுங்கள். இரண்டு எதிரெதிர்த் திசைகளிலும் இருக்க வேண்டும். ஒரே திசையில் மட்டும் ஒட்டினால், சுழலத் தொடங்கிய கப்பல் நிற்கவே முடியாது. நிலவில் இறங்குவதற்கு முன் அது நின்றாக வேண்டும்.

ஏழாம் படி: மேல்மூடி

காற்றுமண்டலத்தைக் கடக்கும்போது அறையைக் காக்கப் பீங்கான் வகையிலான கவிந்த ஓடு ஒன்று திட்டமிடப்பட்டது. காற்றைத் தாண்டியதும் அது துண்டு துண்டாகக் கழன்றுவிடும். ஆகவே மாதிரியிலும் இது ஒட்டப்படாமல், தூக்கி எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஐவரி அட்டையில் 12 இதழ்களை வெட்டிக் கூட்டுவது எளிய முறை. வரைபடத்திலிருந்து மூடியின் வளைவை மில்லிமீட்டர் தாளில் பெரிதாக்கி வரைந்து, அதன் ஓரமாக 10 மி.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அச்சிலிருந்து உள்ள தூரத்தை அளந்து, அதை 6.28-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் அந்த இடத்தில் இதழின் அகலம் கிடைக்கும். அடியில் தூரம் 40 மி.மீ. என்றால் இதழின் அகலம் 21 மி.மீ. நுனிக்குப் போகப் போக இது குறைந்து பூஜ்யமாகும். இதழ்களை உட்புறமிருந்து மெல்லிய தாள் பட்டையால் இணைத்து, காய்ந்தபின் வெளியே மெல்லியதாகப் புட்டி தடவி, முதலில் 220, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேயுங்கள். இணைப்புக் கோடுகளை முழுவதும் மறைக்க வேண்டாம். துண்டுகளாகப் பிரியும் ஓட்டில் கோடுகள் இருப்பதே முறை.

எட்டாம் படி: கால்கள்

கப்பல் நிலவில் நின்ற நிலையில் இறங்கும். அதிர்ச்சியைத் தாங்கும் கால்கள் உடலிலிருந்து விரியும். எண்ணிக்கையையும் விரியும் கோணத்தையும் உங்கள் வரைபடத்தில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கால்கள் இருக்க வேண்டியது இறங்கும் பகுதியில், அதாவது மேற்பகுதியில். கீழ் 5 படிகளும் நிலவை அடையும் முன்பே போய்விடும். முழுக் கப்பலின் அடியில் கால் வைத்துச் செய்யப்பட்ட மாதிரிகளைக் கண்டிருக்கிறேன். கணக்கைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்ததால் வரும் பிழை அது. கெட்டியான கம்பியை வளைத்து, அட்டை வட்டங்களைப் பாதமாக ஒட்டினால் கால்கள் மாதிரியின் எடையைத் தாங்கும்.

ஒன்பதாம் படி: வண்ணம்

இதழில் வந்தவை கோட்டு வரைபடங்கள். வண்ணம் நம் பொறுப்பு. காரணத்தையே பின்பற்றுங்கள். குழல்கள் உலோகம், மங்கிய எஃகுச் சாம்பல் பொருந்தும். மேல்மூடி பீங்கான், பால்வெண்மையில் துளி மஞ்சள் கலந்தால் சரி. பளபளக்கும் வெள்ளி வண்ணம் வேண்டாம். அது மூன்லைனர் காலத்து அழகு, இந்தக் கப்பலுக்கு உரியதன்று. காகிதத்தின்மீது நேரடியாக வண்ணம் தெளித்தால் உறிஞ்சிக்கொள்ளும். முதலில் ப்ரைமரை இரண்டு மெல்லிய பூச்சாகத் தெளித்துக் காயவிடுங்கள். குழல்களின் உட்புறத்தை மெல்லிய தூரிகையால் கறுப்பாக்கினால் அடிப்புறம் ஆழமாகத் தெரியும்.

பத்தாம் படி: பீடம்

முடிந்த மாதிரியைக் கையில் தூக்கினால் மிக இலேசாக இருக்கும். உண்மைக் கப்பலின் 1,000 டன்னை 68-இன் கனத்தால் வகுத்தால் 3.2 கிலோகிராம் வருகிறது. இந்த அளவுப் பொருள் அவ்வளவு கனக்க வேண்டும். கப்பலின் கொள்ளளவு ஏறக்குறைய 770 கன மீட்டர் என்பதால், அதன் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் கூடுதல்; அறையைத் தவிர மற்றதெல்லாம் திட எரிபொருள் என்பதற்கு அதுவே அடையாளம். பீடத்துக்குள் மணல் நிரப்பி மொத்த எடையை 3.2 கிலோவுக்குக் கொண்டுவந்தால் மாதிரி சாயாமல் நிற்கும். தூக்கிப் பார்ப்பவருக்கும் அந்தக் கனம் புரியும்.

மேற்பகுதியை மட்டும் நிலவில் இறங்கிய நிலையில் காட்ட விரும்பினால், எந்த ஆண்டின் நிலவு என்பதை முடிவு செய்யுங்கள். அப்பல்லோ ஒளிப்படங்களில் தெரியும் மலைகள் உருண்டு மழுங்கியவை. 1930-களின், 1950-களின் ஓவியர்கள் கண்ட நிலவோ கூர்முனை மலைகளும் செங்குத்துப் பாறைகளும் நிறைந்தது. 1939-இன் கப்பலுக்கு அந்தக் கூர்மையான நிலவையே பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் செதுக்குவது பொருத்தம். இரண்டையும் கலந்தால் மாதிரி எந்தக் காலத்துக்கும் சொந்தமாகாது.

பீடத்தின் முகப்பில் ஒட்டும் பெயர்ச்சீட்டில் கப்பலின் பெயரும் 1939 என்ற ஆண்டும் அளவிகிதமும் மட்டும் போதாது. எந்த வரைபடத்திலிருந்து அளவெடுத்தீர்கள், எந்தப் பாகங்கள் வரைபடப்படி, எந்தப் பாகங்கள் உங்கள் ஊகப்படி என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். அடுத்து இதைச் செய்பவர் உங்கள் ஊகத்தை ஆதாரம் என்று எண்ணி நகலெடுத்துவிடக் கூடாது. கடைசியாக, காகிதக் குழல்கள் மழைக்கால ஈரத்தில் உப்பும் என்பதால் மாதிரி முழுவதும் ஒளிர்வற்ற வார்னிஷ் ஒரு பூச்சு தெளித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றை மாற்றுங்கள்.